மே மாத மாவுக்கு ஓர் ஈர வேட்டி

ஏப்ரல் பிறந்துவிட்டால், இட்லிக் கடை போட்டுப் பிழைக்கும் பெண்களுக்கு ராத்தூக்கம் கிடையாது. இரவு ஒன்பது மணிக்குக் கரைத்து மூடிய மாவு, இரண்டு மணிக்கே பொங்கி மூடியைத் தள்ளும். விடிந்து அடுப்பில் ஏற்றுவதற்குள் புளித்துப்போகும். நாலு கிலோ அரிசி, ஒரு கிலோ உளுந்து, கிரைண்டர் ஓடிய கரண்ட் எல்லாம் போச்சு! சாப்பிட வந்தவர் ஒரு வாய் வைத்து முகம் சுளித்தால், நாளைக்கு அவர் வேறு கடைக்குப் போய்விடுவார். அவ்வளவு பெரிய அண்டாவை எந்த ஃப்ரிட்ஜில் வைப்பது?

கரண்ட் போன ராத்திரியில் நம் வீட்டு மாவுக்கும் இதே கதிதான்.

மாவை உப்பவைக்கும் நுண்ணுயிர்கள் 30 டிகிரிக்குள் நிதானமாக வேலை பார்க்கும். சூடு ஏற ஏற, அமிலத்தைச் சுரக்கும் பாக்டீரியாக்களின் கை ஓங்கிவிடும். சென்னையில் மே மாத இரவே 28 டிகிரிக்குப் பக்கத்தில் நிற்கிறது. பகலெல்லாம் காய்ந்த மொட்டைமாடிக்குக் கீழே இருக்கும் சமையலறையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

இதைச் சமாளிக்க ஒரு அகலமான பேசின், பழைய பருத்தி வேட்டி, டேபிள் ஃபேன் போதும். மாவை எவர்சில்வர் பாத்திரத்தில் முக்கால் அளவுக்கு ஊற்றித் தட்டால் மூடுங்கள். (பிளாஸ்டிக் வாளி வேண்டாம், குளிர்ச்சி உள்ளே போகாது.) பேசினுக்குள் வைத்து, பாத்திரத்தின் பாதி உயரத்துக்குத் தண்ணீர் விடுங்கள். நனைத்த வேட்டியைப் பாத்திரத்தைச் சுற்றிக் கட்டி, அதன் நுனி தண்ணீரில் கிடக்கும்படி விடுங்கள். துணி தானாகவே நீரை உறிஞ்சி மேலே ஏற்றிக்கொள்ளும். ஃபேனை அதன் பக்கம் திருப்பிவிட்டால் வேலை முடிந்தது. எறும்பும் கிட்டே வராது என்பது கூடுதல் லாபம்.

சாதாரணத் தண்ணீருக்கு இவ்வளவு சக்தியா என்று தோன்றலாம். ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்க ஆகும் வெப்பத்தைப்போல எட்டு மடங்கை, அதே ஒரு லிட்டர் ஆவியாகும்போது சுற்றிலும் இருந்து இழுத்துக்கொள்ளும். மண்பானைத் தண்ணீர் ஜில்லென்று இருப்பதும் இதனால்தான்.

அமெரிக்காவில் வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறவர்களும் இதைத்தான் செய்கிறார்கள். சூடு கூடினால் ஈஸ்ட் வேண்டாத வாடையைக் கிளப்பிவிடும். அதனால் பீர் நொதிக்கும் கலத்தைத் தொட்டித் தண்ணீரில் நிறுத்தி, பழைய டி-ஷர்ட் ஒன்றை மாட்டிவிட்டு ஃபேனைப் போடுவார்கள். இங்கே அண்டாவுக்கு வேட்டி, அங்கே கலத்துக்கு டி-ஷர்ட்!

ஆனால் எல்லா ஊரிலும் இது ஒரே மாதிரி பலிக்காது. வேலூர், கரூர் மாதிரி காற்று காய்ந்திருக்கும் ஊர்களில் நன்றாகவே வேலை செய்யும். கடலோரத்தில் காற்றே ஈரமாக இருப்பதால் துணி சீக்கிரம் உலராது, குளிர்ச்சியும் குறைவு. அங்கே ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீரை உறையவைத்துப் பேசினுக்குள் போடுங்கள். ஒன்று போதும். நாலைந்து போட்டால் மாவு பொங்காமலே கிடக்கும், காலையில் இட்லி கல்லாகிவிடும்.

மாவு அரைக்கும்போதே ஐஸ் தண்ணீர் விட்டு அரைத்தால் பாதிப் பிரச்னை அங்கேயே தீரும். வேட்டித் துணியை மட்டும் தினமும் அலசி வெயிலில் போடுங்கள். ஈரத்தோடு சுருட்டிவைத்தால் அந்த நாற்றம் மறுநாள் மாவில் ஏறிவிடும்.