சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு டைல் கடைக்குப் போங்கள்

பினாங்கின் ஜார்ஜ்டவுனில் வீட்டைப் புதுப்பிக்கிறவர்களில் பலருக்கு இப்போது ஒரே ஆசை. அடுப்புக்குப் பின்னால் 'நோன்யா டைல்' பதிக்க வேண்டும். கடைவீட்டு முகப்புகளில், சன்னலுக்குக் கீழே ரோஜாவும் மயிலும் புடைத்து நிற்கும் ஆறங்குலச் சதுரங்களைப் பார்த்து வளர்ந்த ஊரில் இந்த ஆசை வருவது இயல்புதான். எனக்கும் அவற்றின் மேல் தீராத பிரியம் உண்டு. அந்தப் பிரியத்தில்தான் சொல்கிறேன், அவற்றை அடுப்படிக்குக் கொண்டுபோக வேண்டாம்.

அந்த டைல்கள் வந்தவர் போனவர் கண்ணில் படவேண்டும் என்று வாங்கப்பட்டவை. முதலில் இங்கிலாந்துச் சரக்கு வந்தது. சர்ச் ஸ்திரீட்டில் கப்பித்தான் சுங் கெங் குவீ கட்டிய மாளிகை இன்று பெரானாக்கான் அருங்காட்சியகமாக இருக்கிறது. அதன் தரையில் ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட் டைல்களை இன்றும் பார்க்கலாம். முதல் உலகப் போரில் ஐரோப்பியச் சரக்கு குறைந்ததும் ஜப்பான் சந்தையைப் பிடித்துக்கொண்டது. அவாஜி தீவின் டான்டோ போன்ற நிறுவனங்கள் மலாயாவுக்கும் இந்தியாவுக்கும் கப்பல் கப்பலாக அனுப்பின. ரவிவர்மா படங்களைப் பார்த்து ஜப்பானில் வார்த்த லட்சுமியும் கிருஷ்ணனும் செட்டிநாட்டு வீட்டுச் சுவர்களில் ஏறிய காலம் அது. ஜார்ஜ்டவுனில் முகப்பு, நடுக்கூடம், ஏன், சீனர்களின் கல்லறைகளில்கூடப் பூ டைல் பதித்தார்கள். அடுப்படிக்குச் சுண்ணாம்புச் சுவரும் செங்கல் தரையும்தான். தீபாவளிக்கு முன்னால் ஒரு கை வெள்ளையடித்தால் ஆண்டு முழுவதும் படிந்த விறகுப் புகை மறைந்துவிடும்.

புடைப்பு வேலை செய்த டைலில் கடுகு தாளித்த எண்ணெய் ஒவ்வொரு இதழின் ஓரத்திலும் தங்கும். துணிக்கு எட்டாது. மஜோலிக்கா எனப்படும் இந்தப் பழைய டைல்களின் பளபளப்பும் ஈயம் கலந்த மெருகால் வருவது. மின்செருகிக்காக அதை வெட்டினால் கிளம்பும் தூசு, சமைக்கிற இடத்துக்கு ஆகவே ஆகாது.

என்னை அதிகம் வருத்துவது அவை எங்கிருந்து வருகின்றன என்பதுதான். பழைய கடைவீடுகளுக்கு இருந்த வாடகைக் கட்டுப்பாடு 1999 முடிவோடு போனது. பல தலைமுறை குடியிருந்தவர்கள் வெளியேறினார்கள், கடைவீடுகள் கைமாறின. 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் ஊர் பெயர் ஏறியபோது எத்தனையோ குடும்பங்கள் ஏற்கெனவே போய்விட்டிருந்தன. பழம்பொருள் கடையில் ஒன்றொன்றாக விலைக்கு அடுக்கியிருக்கும் டைல் பெரும்பாலும் ஒரு வீட்டுச் சுவரிலிருந்து பெயர்ந்து வந்தது. தைவானின் சியாயி நகரில், இடிபடும் வீடுகளிலிருந்து இத்தகைய டைல்களைப் பல ஆண்டுகள் மீட்டுச் சேர்த்து அதற்கென்றே அருங்காட்சியகம் அமைத்திருக்கிறார்கள். அது, இல்லாமல் போன வீட்டுக்குச் செய்யும் மரியாதை. நிற்கிற வீட்டிலிருந்து உளியால் பெயர்த்து நம் தாளிப்புக்குப் பின்னால் ஒட்டிக்கொள்வதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்தப் பூதான் வேண்டுமென்றால், வழவழப்பான பரப்பில் அச்சிட்ட புது டைல் இருக்கிறது. ஒரு துடைப்பில் சுத்தமாகிவிடும்.

ஆனால் எந்த டைல் என்பது இரண்டாவது கேள்வி. முதலில் சுவர்.

குவின் ஸ்திரீட் பக்கம் பழைய கடைவீட்டில் குடியிருக்கும் தங்கை முறையான ஒருத்தி, டைல் தேர்ந்தெடுக்க உதவிக்கு அழைத்தாள். முன்பு இருந்தவர்கள் பின்கட்டுச் சுவரில் தரையிலிருந்து நெஞ்சளவு வரை வெள்ளை டைல் ஒட்டியிருந்தார்கள். டைல் பளிச்சென்றுதான் இருந்தது. அதற்கு மேலே, சாண் அகலத்துக்குச் சுண்ணாம்பு பொரிந்து கிடந்தது. விரல் வைத்தால் வெள்ளையாக உப்பு உதிர்ந்தது. உள்ளே செங்கல் மாவாகிக்கொண்டிருந்தது.

"டைல் போட்டா ஈரம் நின்னுடும்னுதானேக்கா சொன்னாங்க?" என்றாள்.

நிற்காது, ஏறும். போருக்கு முந்தைய கடைவீடுகள் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியவை. அடியில் ஈரத்தடுப்பு கிடையாது. மண்ணின் ஈரத்தைச் செங்கல் உறிஞ்சும், சுண்ணாம்புப் பூச்சு அதை மெல்லக் காற்றில் விடும். அந்தப் பரப்பைச் சிமெண்டாலும் மெருகிட்ட டைலாலும் மூடிவிட்டால் ஈரம் வழி தேடி மேலே போகும். போகிற இடத்தில் உப்பு படிகமாகிச் செங்கல்லை உள்ளிருந்தே உடைக்கும். ஆண்டு முழுவதும் காற்றில் 80 விழுக்காட்டை ஒட்டி ஈரப்பதம் உள்ள தீவில் இப்படி மூடிய சுவர் எளிதில் காயாது.

அவளிடம் சொன்னது இதுதான்: கீழ்ச்சுவரில் உள்ள டைலை எடுத்துவிட்டுச் சுண்ணாம்புப் பூச்சு கொடு, அது மூச்சு விடட்டும். சமையல் மேடைக்கு மேலே தேவையான பட்டைக்கு மட்டும் டைல் போதும். அதையும் சுவரில் நேராக ஒட்டாமல், துருப்பிடிக்காத சட்டத்தில் சிமெண்ட் பலகையைப் பொருத்தி, பின்னால் காற்றோட இடம் விட்டு, பலகையின் மேல் ஒட்டச் சொல். பாரம்பரிய வட்டாரத்தில் கட்டட வேலை என்பதால் மாநகர் மன்றத்திடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. தாமான் வீட்டிலும் அடுக்ககத்திலும் சிமெண்ட் பூச்சுதான். குழாய்க் கசிவு இல்லையென்றால் இந்தக் கவலை இல்லை.

அடுத்து டைல்களுக்கு நடுவே உள்ள இடுக்கு. நம் சமையலில் மஞ்சள் உண்டு, சம்பால் உண்டு, மீன் பொரிப்பது உண்டு. டைலின் மெருகை அவை ஒன்றும் செய்வதில்லை, கறை பிடிப்பது இடுக்கை நிரப்பும் கிரவுட்டில்தான். மேடைக்கும் மேல் அலமாரிக்கும் நடுவே 60 சென்டிமீட்டர், நீளம் 3 மீட்டர் என்று வையுங்கள். பதினைந்து சென்டிமீட்டர் டைலாக இருந்தால் 80 வேண்டும், இடுக்குக் கோடுகள் 20 மீட்டருக்கு மேல் ஓடும். 30-க்கு 60 டைலை நிற்க வைத்தால் பத்தே டைல். ஒன்பது கோடுகள், மொத்தம் ஐந்தரை மீட்டருக்கும் குறைவு, படுக்கைக் கோடே இல்லை. தினமும் துடைப்பவருக்கு இந்த வித்தியாசம் பெரிது. சிறிய டைல்தான் பிடித்திருக்கிறதென்றால் சாம்பல் நிற எபோக்சி கிரவுட் போடுங்கள். விலை கூடுதல், சீக்கிரம் இறுகிவிடுவதால் வேலையும் சிரமம். அடுப்புக்குப் பின்னால் அதற்குக் கொடுக்கும் வெள்ளி வீண்போகாது.

ஆத்தங்குடி டைல் வரவழைக்கலாமா என்றும் கேட்கிறார்கள். கண்ணாடிப் பலகையின் மேல் வண்ணச் சிமெண்டை ஊற்றிக் கையால் செய்யும் அந்த வேலைக்கு ஈடு இல்லை. ஆனால் சூட்டில் சுடாத சிமெண்ட் அது. எண்ணெயைக் குடிக்கும், புளியும் எலுமிச்சையும் பட்டால் அரிக்கும். சாப்பாட்டு மேசைக்குக் கீழே தரையில் போடுங்கள், நடக்க நடக்க மெருகேறும்.

ஒட்டும் நாளில் வீட்டில் இருங்கள். சுவர் டைல் தன் எடையில் பத்து விழுக்காட்டுக்கு மேல் தண்ணீர் இழுக்கும் ரகம்; சிமெண்ட் கலவையில் ஒட்டிய காலத்தில் கொத்தனார்கள் அதை வாளியில் ஊறப்போட்டார்கள். டைல் பசைக்கு ஊறவைக்கக் கூடாது, ஈரம் இருந்தால் பிடிப்பு தளரும். மூலையில் தொடங்காமல் அடுப்பின் நடுவைக் குறித்து அங்கிருந்து இரு பக்கமும் போகச் சொல்லுங்கள். வெட்டுத் துண்டு இரண்டு ஓரத்திலும் ஒரே அளவில் விழும். பசையைப் பல் வைத்த கரண்டியால் ஒரே திசையில் இழுக்க வேண்டும். ஐந்து இடத்தில் உருண்டை வைத்து அழுத்தினால் பின்னால் பொந்து விழும், அங்கே கரப்பான் குடியேறும். பசை காய்ந்ததும் ஒவ்வொரு டைலையும் விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். 'டொக்' என்று வெற்றொலி கேட்டால் கிரவுட் போடுவதற்கு முன்பே பெயர்த்து மறுபடி ஒட்டச் சொல்லுங்கள். பிறகு கேட்டால் யாரும் வரமாட்டார்கள். மேடையும் சுவரும் சேரும் கோட்டில் கிரவுட் வேண்டாம், இரண்டும் ஒரே மாதிரி அசைவதில்லை, விரிசல் விடும். அங்கே சிலிகான்.

பெட்டிமேல் அச்சிட்ட தொகுதி எண் எல்லாப் பெட்டியிலும் ஒன்றாக இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். அதே எண்ணில் நான்கைந்து டைல் கூடுதலாக வாங்கி மாடிப்படிக்கு அடியில் வைத்துவிடுங்கள். குழாய்க்காரர் ஒருநாள் அந்தச் சுவரை உடைக்க வேண்டிவரும், அடுத்த தொகுதியின் வெள்ளை வேறு வெள்ளையாக இருக்கும்.