தொட்டி மீனுக்கு மூச்சுத் திணறினால்...

விடியற்காலையில் கூடத்து விளக்கைப் போட்டதும் பார்க்கிறோம்: கண்ணாடித் தொட்டியில் உள்ள மீன்களெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. “ஏனுங்கம்மா, மீனுக்குப் பசிக்குதுங்களா?” என்று குழந்தை கேட்கிறது. அம்மாவும் ஒரு சிட்டிகை தீனியைக் கூடுதலாகத் தூவிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுகிறாள். மத்தியானம் பார்த்தால் இரண்டு மீன்கள் மல்லாந்து மிதக்கின்றன. பாவம், அந்த மீன்கள் கேட்டது தீனியல்ல, மூச்சு!

கோபிசெட்டிபாளையத்துக்காரர்களுக்கு இந்த விஷயத்தைச் சொல்லிப் புரியவைப்பது சுலபம். பக்கத்திலேயே கொடிவேரி அணை இருக்கிறது. பவானி ஆறு அங்கே நுரைத்துக்கொண்டு விழுவதைப் பார்க்காதவர் உண்டா? அப்படி விழுந்து சிதறும்போது தண்ணீர் காற்றோடு கலந்து பிராணவாயுவை வாங்கிக்கொள்கிறது. ஆற்று மீனுக்கு அந்த வசதி உண்டு. ஓரிடம் சரிப்படாவிட்டால் வேறிடத்துக்கு நீந்தியும் போகலாம். தொட்டி மீன் எங்கே போகும்?

ஒரு லிட்டர் காற்றில் சுமார் 270 மில்லிகிராம் பிராணவாயு இருக்கிறது. 30 டிகிரி உஷ்ணமுள்ள ஒரு லிட்டர் தண்ணீரிலோ, நிறைய இருந்தாலும் ஏழரை மில்லிகிராம்தான். 20 டிகிரியில் 9 மில்லிகிராம் தங்கும். 35 டிகிரியானால் ஏழுக்கும் கீழே போய்விடும். உஷ்ணம் ஏற ஏறத் தண்ணீரில் பிராணவாயு குறைகிறது. மீனுக்கோ அப்போதுதான் அதிகம் தேவைப்படுகிறது. சித்திரை வெயிலில் தொட்டி மீன்கள் தவிப்பது இதனால்தான்.

“தொட்டியில் செடி வைத்திருக்கிறோமே!” என்பீர்கள். செடி பகலில் பிராணவாயுவைக் கொடுக்கும், வாஸ்தவந்தான். இரவில் வெளிச்சம் இல்லாதபோது அதுவும் மீனோடு பங்குக்கு வந்துவிடும். ஆகவே விடியும் வேளைதான் மிகவும் நெருக்கடியான நேரம். அந்தச் சமயத்தில் தீனியை அள்ளிப் போட்டால், மிச்சம் அடியில் அழுகி, இருக்கிற பிராணவாயுவையும் தின்றுவிடும்.

அப்படியானால் என்ன செய்வது? காபி ஆற்றுகிறோமே, அதே வேலைதான்! சுத்தமான குவளையால் தொட்டித் தண்ணீரை மொண்டு, ஒரு சாண் உயரத்திலிருந்து திரும்ப ஊற்றுங்கள். பத்து இருபது தடவை செய்துவிட்டு, கால் மணி கழித்து மறுபடியும் செய்யுங்கள். மின்சாரம் நின்றுவிட்டாலும் இதே வைத்தியந்தான். அப்படியும் தவிப்பு அடங்காவிட்டால், தண்ணீரில் கழிவு சேர்ந்திருக்கலாம். கால் பங்குத் தண்ணீரை மாற்றிவிடுங்கள். குழாய்த் தண்ணீரானால் குளோரினைப் போக்கிய பிறகே விடவேண்டும். ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீரில் பிராணவாயு குறைவாக இருக்கலாம். அதையும் நன்றாக ஆற்றியே விடுங்கள்.

காற்றுப் பம்பு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. குமிழிகளே மீனுக்கு மூச்சுக் கொடுக்கின்றன என்று நினைக்கிறோம். குமிழி மேலே வந்து சேர ஓரிரு விநாடிதான் ஆகிறது. அதற்குள் அது கொடுப்பது கொஞ்சம். அடித் தண்ணீரை மேலே கொண்டுவந்து, மேற்பரப்பை அலையவைக்கிறதே, அதுதான் பெரிய உபகாரம். பம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலேயே வையுங்கள். கீழே வைத்தால், மின்சாரம் போனதும் குழாய் வழியாகத் தண்ணீர் திரும்பிப் பம்புக்குள் இறங்கிவிடும்.

எல்லா மீனும் மேலே வருவது ஆபத்தல்ல. ஃபைட்டர், கௌராமி, நம் ஊர் விரால், பனையேறிக் கெண்டை ஆகியவை காற்றை நேராகவே சுவாசிக்கும். 1791-ல் தரங்கம்பாடியில் ஒரு பனைமரத்தின் ஈரப்பொந்திலிருந்து பனையேறிக் கெண்டையைப் பிடித்ததாக டேனிஷ் கம்பெனி அதிகாரி டால்டார்ஃப் எழுதியிருக்கிறார்! இப்படிப்பட்ட மீன்களுக்குத் தண்ணீரை விளிம்புவரை நிரப்பி இறுக மூடுவதுதான் ஆபத்து.

கடைசியாக, மீன் வாங்குமுன் பார்க்கவேண்டிய கணக்கு. தொட்டியின் ஆழத்தைவிட அதன் மேற்பரப்பே முக்கியம். ஓர் அங்குல நீளத் தங்கமீனுக்கு 30 சதுர அங்குலப் பரப்பு வேண்டும் என்பது மீன் வளர்ப்போரின் பழைய கணக்கு. இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் உள்ள தொட்டியில் 288 சதுர அங்குலம். மூன்றங்குல மீன்கள் மூன்றுக்கு இடம் உண்டு. எட்டங்குல உருண்டைக் கண்ணாடிக் குடுவையிலோ, அகலமான நடுப்பாகம் வரை நிரப்பினாலும் 50 சதுர அங்குலந்தான். கழுத்துவரை நிரப்பினால் அதுவும் சுருங்கிவிடும். ஒரு சிறு தங்கமீனுக்கே அது போதாது. அந்த மீனோ வளரக்கூடியது.

குழந்தை ஆசைப்படுகிறது என்று மீன் வாங்கப் போகிறீர்களா? பேஷாகப் போங்கள். ஆனால் மீனைப் பார்ப்பதற்கு முன்னால், தொட்டியை அளந்து பாருங்கள்!