விளக்கில்லா வண்டியும் விழிப்பில்லாச் சட்டமும்

வண்டிக்கு வயதாகும், வண்ணம் மங்கும், பொறி தேயும், மறுக்கவில்லை. ஆனால் அந்த வண்டியிலே செல்பவனின் உயிருக்குமா வயது கணக்கிட்டு விலை குறைப்பது? இந்த ஒரு கேள்வியை, உலகுக்கே மோட்டார் ஓட்டக் கற்றுக்கொடுத்த அமெரிக்க நாட்டின் சட்டத்தின் முன்னே நிறுத்த விரும்புகிறேன்.

அந்நாட்டிலே கார் வாங்குவோர் இரு சாதியினர். புதுக் கார் வாங்குவோர் ஒரு சாதி. பிறர் ஓட்டிக் கழித்ததை வாங்குவோர் மற்றொரு சாதி. முன்னவருக்குக் காவலாக வாளேந்தி நிற்கும் சட்டம், பின்னவரைக் கண்டதும் வாளை உறையிலே போட்டுவிட்டு வாயையும் மூடிக்கொள்கிறது! பழியாகச் சொல்லவில்லை, சான்று காட்டிச் சொல்கிறேன்.

2014ஆம் ஆண்டின் இறுதியிலே ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. 2005 முதல் 2009 வரையிலான மாடல்களைச் சேர்ந்த பியூக் லாக்ராஸ் கார்களிலும், செவர்லே டிரெயில்பிளேசர், ஜிஎம்சி என்வாய் முதலிய வண்டிகளிலும் முன்விளக்கு கெடக்கூடும். ஆகவே 3 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளைத் திரும்ப அழைக்கிறோம் என்றது அந்த அறிவிப்பு. கோளாறு யாது? முகப்பு மூடிக்குள்ளே விளக்குக்கு மின்சாரத்தை அளந்து அனுப்பும் சிறு மின்னணுப் பெட்டி ஒன்று உண்டு. அது அளவுக்கு மீறிச் சூடேறுகிறது. சூடேறினால், நம் ஓட்டுநர்கள் 'டிம் லைட்' என்கிறார்களே, அந்த விளக்கு விட்டுவிட்டு எரியும். அல்லது அடியோடு அணைந்தே போகும்.

இதிலே உள்ள கொடுமையை எண்ணிப் பாருங்கள். பல்பை மாற்றினால் பயனில்லை. ஃபியூசைப் பார்த்தால் பழுதில்லை. பட்டறையிலே நிறுத்தினால் பளிச்சென்று எரியும். பாதையிலே போனால் பட்டென்று அணையும்! பழுது பார்ப்பவன் கைவிரிக்கிறான். பணம் கொடுத்தவன் கண் கலங்குகிறான். 2005ஆம் ஆண்டு மாடலின் கோளாறு 2014இலே அறிவிக்கப்படுகிறது என்றால், இடையிலே ஓடிய ஒன்பது ஆண்டுகளிலே அந்தக் கார் எத்தனை கைகள் மாறியிருக்கும்! முதலிலே வாங்கிய செல்வர் அதை விற்றுவிட்டுப் புதியதிலே பவனி வருகிறார். இன்று அதன் சக்கரத்தைப் பிடித்திருப்பவன் யார்? ஆலைத் தொழிலாளி, மருத்துவமனையிலே இரவுப் பணி செய்பவள், கல்லூரிக் கட்டணத்துக்கே கடன் வாங்கிய மாணவன். பகலிலே உறங்கி இரவிலே உழைப்பவருக்குத்தான் விளக்கு வேண்டும். அவருடைய வண்டியிலேதான் விளக்கு அணைகிறது!

'திரும்ப அழைக்கிறோம்' என்ற சொல் கேட்பதற்கு இனிக்கிறது, தாய் மகவை அழைப்பதுபோல! ஆனால் அந்த அழைப்பு எப்படி நடக்கிறது? நான் நாடகம் எழுதுகிறவன். இதை ஒரு காட்சியாக்கினால் இப்படித்தான் அமையும்.

"ஐயா, என் காரின் முன்விளக்கு அணைந்து அணைந்து எரிகிறது. திரும்ப அழைத்திருக்கிறார்களாமே!"

"ஆம், கம்பெனி அழைத்திருக்கிறது. கடிதம் வந்ததா?"

"வரவில்லை. நான் மூன்றாவது உரிமையாளன்."

"எண்ணைச் சொல்லுங்கள்... ஆம், பட்டியலிலே இருக்கிறது."

"அப்படியானால் மாற்றிக் கொடுங்கள்."

"மாற்று உறுப்பு இன்னும் வரவில்லை. வந்ததும் இரண்டாவது கடிதம் வரும்."

"எப்போது வரும்?"

"வரும்போது வரும்."

"அதுவரை நான் என்ன செய்வது?"

"இரவிலே ஓட்டாதீர்கள்!"

திரை விழுகிறது. இது என் கற்பனைக் காட்சிதான். ஆனால் முதலிலே எச்சரிக்கைக் கடிதம், உறுப்பு கிடைத்த பின்னர் மற்றொரு கடிதம் என்பது அங்கே வழக்கமாகிவிட்ட முறை. இதைவிடப் பரிதாபத்துக்குரியவன் மற்றொருவன் உண்டு. அதே போன்ற விளக்கு, அதே போன்ற கோளாறு. ஆனால் அவனுடைய வண்டியின் எண் மட்டும் பட்டியலிலே இல்லை! 17 எழுத்தும் இலக்கமும் கொண்ட அந்த எண் பட்டியலிலே இருந்தால், அவன் ஏமாற்றப்பட்டவன். இல்லாவிட்டால், அவன் வெறும் பழைய கார்க்காரன். இருவர் கண்முன்னே விரிவதும் ஒரே இருட்டு! விளக்கின்றி இரவிலே ஓட்டினால் காவலர் நிறுத்துவதும் தண்டம் விதிப்பதும் ஓட்டியவனுக்கு. விளக்கைச் செய்தவனைப் பாதையிலே நிறுத்திக் கேட்பார் யார்?

இந்தத் திரும்ப அழைக்கும் சட்டம் தானாக வந்ததா? இல்லை; போராடிப் பெற்றது. 1965ஆம் ஆண்டிலே ரால்ஃப் நேடர் என்ற இளம் வழக்கறிஞர், கார்களின் அமைப்பிலேயே ஆபத்து இருக்கிறது என்று நூல் எழுதினார். ஜெனரல் மோட்டார்ஸ் என்ன செய்தது? காரைத் திருத்தியதா? ஆளைத் துரத்தியது! துப்பறிவோரை ஏவி அவருடைய அந்தரங்க வாழ்வைத் துருவியது. அது வெளிப்பட்டபோது, நிறுவனத் தலைவர் ஜேம்ஸ் ரோச், 1966ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே செனட் குழுவின் முன் நின்று மன்னிப்புக் கேட்டார். அதே ஆண்டு செப்டம்பரிலே குடியரசுத் தலைவர் ஜான்சன் வாகனப் பாதுகாப்புச் சட்டத்திலே கையெழுத்திட்டார். கோளாறுள்ள வண்டியைச் செலவின்றிச் சரிசெய்து தரவேண்டும் என்ற கடமை 1974ஆம் ஆண்டுத் திருத்தத்திலே வந்தது. ஒரு தனிமனிதனின் எழுதுகோல் முன்னே ஒரு பேரரசு பணிந்த வரலாறு அது. அதைப் போற்றுகிறேன்.

ஆனால் அந்தச் சட்டத்தின் அடியிலே ஓர் ஓட்டையும் வைத்தார்களே, அதைத்தான் தூற்றுகிறேன். முதல் உரிமையாளர் வாங்கிய நாளிலிருந்து 8 ஆண்டுகள் கடந்தபின் கோளாறு அறிவிக்கப்பட்டால், இலவசமாகச் சரிசெய்யும் கடமை நிறுவனத்துக்கு இல்லை என்றது 1974. அதை 10 ஆண்டுகளாக்கியது 2000ஆம் ஆண்டுச் சட்டம். 15 ஆண்டுகளாக்கியது 2015ஆம் ஆண்டுச் சட்டம். எல்லை நீண்டது, எல்லை நீங்கவில்லை! அமெரிக்கச் சாலைகளிலே ஓடும் வண்டிகளின் சராசரி வயதே 12 ஆண்டுகளைத் தாண்டிவிட்டது. 15 ஆண்டு கடந்தவை எத்தனை எத்தனை இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்! 2009ஆம் ஆண்டிலே விற்ற காரிலே, பிறக்கும்போதே இருந்த ஒரு புதுக் குறையை நிறுவனம் இன்று கண்டுபிடித்து அறிவித்தால், இலவசமாகத் திருத்தும்படி சட்டம் அதைக் கட்டாயப்படுத்தாது. குற்றம் அதே குற்றம். கண்டுபிடிக்கத் தாமதமானால் குற்றவாளிக்கு விடுதலை! விளக்கு அணைந்தால் மரமும் மதிலும் லாரியும் 'இது 15 ஆண்டு கடந்த கார்' என்று ஒதுங்கி நிற்குமோ?

மற்றொரு விந்தையைக் கேளுங்கள். காரைக் கொண்டுவந்து நிறுத்திய 60 நாட்களுக்குள் நிறைவாகச் சரிசெய்யாவிட்டால், நியாயமான காலம் கடந்துவிட்டது என்பதற்கு அதுவே முதல் சான்று என்கிறது சட்டம். அப்போது நிறுவனம் வேறு வண்டி தரவேண்டும். அல்லது பணத்தைத் திருப்பித் தரவேண்டும். ஆகா, நீதி பிறந்தது என்று துள்ளாதீர்கள்! பணத்தைத் 'தேய்மானம் கழித்து'த் தரலாம் என்றும் அதே சட்டம் சொல்கிறது. புதுக் காரன் பெறுவது பெருந்தொகை; பழைய காரன் பெறுவது கழித்தது போக மிஞ்சிய சில்லறை. அந்தச் சில்லறைக்கு இன்னொரு கார் எங்கே கிடைக்கும்?

திரும்ப அழைக்கப்பட்ட புதுக் காரைச் சரிசெய்யாமல் விற்பது அமெரிக்காவிலே குற்றம். வாடகைக் காருக்கும் காவல் வந்தது. ஆனால் எப்படி வந்தது? 2004ஆம் ஆண்டு கலிபோர்னியாவிலே, திரும்ப அழைக்கப்பட்டும் சரிசெய்யப்படாத வாடகைக் கார் ஒன்றிலே சென்ற இரு சகோதரிகள் மாண்டனர். அவர்களின் தாய் பதினோர் ஆண்டுகள் போராடிய பின்னர், 2015ஆம் ஆண்டிலே, 35க்கு மேற்பட்ட வண்டிகளை வாடகைக்கு விடும் நிறுவனங்களுக்குச் சட்டம் தடை போட்டது. அந்தத் தாயின் கண்ணீரை வணங்குவோம். ஆனால் பழைய கார் விற்பவருக்கு? மத்திய சட்டத்திலே அந்தத் தடை இல்லை! ஒரு நாளைக்கு வாடகைக்கு விடத் தகாத காரை, ஓராயிரம் நாளைக்கு ஓட்டுவதற்கென்று விற்கலாமாம்! 2016ஆம் ஆண்டிலே, 'கடும் சோதனை செய்யப்பட்டவை' என்று விளம்பரம் செய்து, சரிசெய்யாத கார்களும் விற்கப்பட்டது பற்றி அந்நாட்டு வணிக ஆணையம் ஜெனரல் மோட்டார்ஸ் மீதும் சில விற்பனையாளர்கள் மீதும் நடவடிக்கை எடுத்தது. முடிவு என்ன? 'கோளாறு இருக்கலாம் என்று தெரிவித்துவிட்டு விற்கலாம்' என்ற உடன்பாடு! நஞ்சு என்று சீட்டு ஒட்டிவிட்டால் நஞ்சை விற்கலாம் என்பது எந்த ஊர் அறம்?

"நிறுவனங்கள் நல்லவை, கண்டவுடன் அறிவிக்கின்றன, சட்டம் எதற்கு?" என்று பேசும் நண்பர்களும் உண்டு. அவர்களுக்கு அதே 2014ஆம் ஆண்டை, அதே நிறுவனத்தை, நினைவூட்டுகிறேன். செவர்லே கோபால்ட், சாட்டர்ன் அயன் முதலிய விலை குறைந்த சிறு கார்களிலே, சாவிப் பூட்டு ஓடும்போதே தானாகத் திரும்பிவிடும், பொறி நிற்கும், மோதினால் காக்கவேண்டிய காற்றுப் பையும் விரியாது. பத்தாண்டுக்கும் மேலாக நிறுவனத்துக்குள்ளே பலர் அறிந்திருந்த கோளாறு. 2006ஆம் ஆண்டிலே உறுப்பை மாற்றினார்கள்; உறுப்பின் எண்ணை மட்டும் மாற்றவில்லை! இழப்பீட்டு நிதியம் ஏற்றுக்கொண்ட சாவுகள் மட்டும் 124. மாற்று உறுப்பின் விலையோ ஒரு டாலருக்கும் குறைவு என்று நாடாளுமன்ற விசாரணையிலே எடுத்துக்காட்டப்பட்டது.

நிறுவனமே அமர்த்திய வழக்கறிஞர் ஆன்டன் வாலுகாஸ் தம் அறிக்கையிலே இரண்டு வழக்கங்களைக் குறித்தார். ஒன்று, 'ஜிஎம் தலையசைப்பு': கூட்டத்திலே எல்லோரும் ஆம் ஆம் என்று தலையசைப்பது, வெளியே வந்து ஒருவரும் செய்யாதிருப்பது. மற்றொன்று, 'ஜிஎம் வணக்கம்': கைகளைக் குறுக்கே மடித்து, விரல்களைப் பிறர் பக்கம் நீட்டுவது. அதாவது, பொறுப்பு என்னுடையதன்று, அடுத்தவனுடையது! 2015ஆம் ஆண்டிலே 90 கோடி டாலர் கட்டினார்கள். தனிமனிதர் ஒருவர் மீதேனும் குற்றவழக்கு வந்ததா? இல்லை. தலையசைத்த தலைகளுக்குத் தலைவலிகூட இல்லை!

"என்றென்றைக்கும் பொறுப்பு ஏற்க முடியுமா?" என்கிறார் முதலாளி. டயர் தேய்ந்ததற்கும் துரு பிடித்ததற்கும் பொறுப்பேற்கச் சொல்லவில்லையே! ஆலையிலிருந்து வெளிவரும்போதே உள்ளே இருந்த குறைக்குத்தானே பொறுப்புக் கேட்கிறோம். "தடை போட்டால் பழைய காரின் விலை சரியும், ஏழைதான் நட்டப்படுவான்" என்கிறார் வணிகர். ஏழையின்பால் திடீரென்று பொங்கும் இந்தப் பரிவு மெய்யானால், காரை விற்குமுன் பழுது நீக்கட்டும். உறுப்பு வரத் தாமதமானால், காத்திருக்கும் நாட்களின் செலவை நிறுவனம் ஏற்கட்டும். விலை ஏன் சரியும்? குறையை மறைத்து ஏற்றிவைத்த விலை சரிந்தால், அதன் பெயர் நட்டமன்று, நேர்மை!

அமெரிக்காவைப் பற்றி நமக்கென்ன என்று நகைக்கவேண்டாம். நம் இந்தியாவிலும் 2019ஆம் ஆண்டு மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் திரும்ப அழைக்கும் அதிகாரத்தை அரசுக்குத் தந்தது. 2021ஆம் ஆண்டு ஏப்ரல் 1 முதல் விதிகள் நடைமுறைக்கு வந்தன. அந்த விதிகள் எந்த வண்டிக்கு? ஏழு ஆண்டுக்கு உட்பட்ட வண்டிக்கு! அங்கே 15 என்ற கோட்டை இங்கே பாதிக்கும் கீழே இழுத்துவிட்டார்கள். எட்டாவது ஆண்டிலே காரை வாங்கும் நடுத்தரக் குடும்பத்துக்கு அந்தக் காவல் இல்லை. அயல்நாட்டு ஓட்டையை அப்படியே கொண்டுவந்ததோடு நில்லாமல், அகலப்படுத்தியும் வைத்திருக்கிறோம்.

ஆகவே கேட்கிறோம். உயிரைப் பறிக்கும் குறைக்கு ஆண்டு வரம்பு கூடாது. திரும்ப அழைக்கப்பட்ட வண்டி, புதியதாயினும் பழையதாயினும், சரிசெய்யப்படாமல் கைமாறக் கூடாது. கடிதம் பழைய முகவரிக்குப் போய்ச் சாவது போதாது. கார் பெயர் மாறும் ஒவ்வொரு முறையும், பதிவு அலுவலகத்திலேயே குறையைச் சொல்லும் கடமை வேண்டும். உறுப்பு வரவில்லை என்றால், வரும்வரை மாற்று வண்டி வேண்டும். மாளிகை கேட்கவில்லை, மணிமுடி கேட்கவில்லை, இருட்டிலே வீடு திரும்ப இரண்டு விளக்குகள் கேட்கிறோம்!

பழைய காரன் இனாம் கேட்பவன் அல்லன், பணம் கொடுத்தவன். அவன் வாங்கியது பழைய இரும்பாக இருக்கலாம். அதிலே ஏறி அமர்ந்திருப்பது பழைய உயிர் அன்று. அதைக் காணச் சட்டத்துக்குக் கண் இல்லையென்றால், முதலில் பட்டறைக்கு அனுப்பவேண்டியது காரை அன்று, சட்டத்தை!