சித்திரம் படித்தால் சோறு கிடைக்குமா?

"சேர், சித்திரத்தில ஏ எடுத்திருக்கான்தான். ஆனா அதப் படிச்சு என்ன செய்ய?"

சாதாரண தரப் பெறுபேறு வந்ததும் ஆசிரியர்களாகிய எங்களிடம் வரும் கேள்வி இது. பதுளை டவுனில் கடை வைத்திருக்கும் வாப்பாவும் கேட்கிறார், மடுல்சீமையில் கொழுந்து பறிக்கும் அம்மாவும் கேட்கிறார். கேள்வியில் பிழையில்லை, அடுப்பு எரிய வேண்டுமே. நாம் சொல்லும் பதில்தான் பழையது: "படித்தால் ஆசிரியர் நியமனம், இல்லாவிட்டால் ஒன்றுமில்லை."

1998 இல் பிரித்தானிய அரசாங்கம் விளம்பரம், வடிவமைப்பு, கைப்பணி, திரைப்படம், பதிப்பு, மென்பொருள் என்று 13 துறைகளைப் 'படைப்புத் தொழில்கள்' எனப் பட்டியலிட்டது. பிறகு அவுஸ்திரேலியாவில் பேராசிரியர் ஸ்டுவர்ட் கனிங்ஹாமும் அவரோடு ஆய்வு செய்தவர்களும் குடிசன மதிப்பீட்டுத் தரவுகளை வைத்துப் பார்த்தார்கள். வரைகிற, வடிவமைக்கிற, எழுதுகிற வேலை செய்பவர்களில் அந்தத் துறைகளுக்கு உள்ளே இருப்பவர்களைவிட, வங்கி, தொழிற்சாலை போன்ற வெளி இடங்களில் இருப்பவர்களே அதிகம் என்று கண்டார்கள்.

இதை ஊவாவுக்குப் பொருத்திப் பாருங்கள். எல்லயில் விடுதி நடத்துபவருக்குப் படம் வேண்டும், மெனு வேண்டும், பெயர்ப்பலகை வேண்டும். தேயிலையை மொத்தமாக ஏலத்துக்கு அனுப்பாமல் பைக்கற்றில் அடைத்து விற்க நினைப்பவருக்கு உறை வடிவமைக்க ஆள் வேண்டும். வேலை இங்கேயே இருக்கிறது. நமது பிள்ளையோ கொழும்பில் கடை வேலைக்கு பஸ் ஏறுகிறான்.

திறமை மட்டும் போதும் என்று சொல்ல வரவில்லை. ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் 1934 இல் பிறந்த தெளிவத்தை ஜோசப், மலையக இலக்கியத்தின் பெரிய பெயர். அவரும் கொழும்பில் கணக்காளராக வேலை பார்த்துக்கொண்டுதான் எழுதினார். ரூத் பிரிட்ஜ்ஸ்டொக் என்ற அவுஸ்திரேலிய ஆய்வாளர் 2009 இல் எழுதியதும் இதையொட்டியதே: பட்டமும் கைத்திறனும் போதாது, தன் தொழில் பாதையைத் தானே அமைத்துக்கொள்ளத் தெரிய வேண்டும். யாரிடம் வேலை கேட்பது, என்ன விலை சொல்வது, செய்ததை எப்படிக் காட்டுவது என்பதை நாங்கள் வகுப்பில் சொல்லிக் கொடுப்பதில்லை.

வழிகள் இருக்கின்றன. மட்டக்களப்பில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. உயர்தரம் சரிவராத பிள்ளைக்கு என்.வி.கியூ. இருக்கிறது, அதன் 7ஆம் மட்டம் பட்டத்துக்குச் சமம். பதுளையிலேயே ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் 2005 இல் இருந்து இருக்கிறது. அங்கே படிப்பது ஆங்கிலத்தில் என்பதால், சித்திரக் கொப்பியோடு ஆங்கிலத்தையும் இப்போதே பிடிக்க வேண்டும்.

ஆனால் முதல் தடை நாமேதான். விளையாட்டுப் போட்டிக்கு பெனர், பள்ளிவாசல் கூட்டத்துக்கு நோட்டீஸ், கோயில் திருவிழாவுக்கு அலங்காரம், கடைக்கு போர்ட் எல்லாவற்றுக்கும் "தம்பி, சும்மா செஞ்சு தாங்க" என்கிறோம். பெயின்ட்டுக்குக் காசு கொடுக்கிறோம், மேசனுக்குக் கூலி கொடுக்கிறோம், வரைந்த பிள்ளைக்கு ஒரு பிளேன்டீ. அதைப் பார்த்து வளரும் தம்பி தங்கைக்கு "சித்திரத்தில் காசில்லை" என்று கற்றுக் கொடுப்பது யார்?

பாடசாலை அபிவிருத்திச் சங்கம், பள்ளிவாசல் நிர்வாகம், கோயில் சபை, கடைக்காரர்கள் எல்லோரிடமும் கேட்கிறோம். இந்த வருடம் இப்படியொரு வேலையை நமது பிள்ளைகளிடம் கொடுங்கள். விலை பேசிக் கொடுங்கள். வேலை முடிந்ததும் அவர்கள் பெயரையும் அதில் எழுத விடுங்கள். செய்ததைக் கோப்பாகச் சேர்த்து வைக்கப் பழக்குவது ஆசிரியர்கள் எங்கள் பொறுப்பு.

அடுத்த முறை அந்த வாப்பாவும் அம்மாவும் கேட்கும்போது, சொல்ல நம்மிடம் ஒரு பதில் இருக்கட்டும்.