நாலு வட்டியும் நாலு காசு சிக்கனமும்

கடன் அட்டையில் நிலுவை வைப்பவர்களிடம் இந்திய வங்கிகள் பெரும்பாலும் மாதத்துக்கு 3.5 சதவீதத்தை ஒட்டி வட்டி வாங்குகின்றன. அந்த வட்டியின் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. இரண்டும் சேர்ந்தால் நூறு ரூபாய்க்கு மாதம் 4 ரூபாய் 13 காசு. கடைத்தெருவில் இதற்கு நாலு வட்டி என்று பெயர். ஆண்டுக் கணக்கில், கூட்டு வட்டியை விட்டுவிட்டாலும், 49 சதவீதத்தைத் தாண்டுகிறது.

ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வாங்குவது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008 ஜூலையில் தீர்ப்பளித்தது. 2024 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்துசெய்தது. இரு தரப்பும் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்ட ஒப்பந்தத்தைத் திருத்தி எழுத ஆணையத்துக்கு அதிகாரம் இல்லை, நிபந்தனைகள் வாடிக்கையாளருக்கு முன்பே தெரிவிக்கப்படுகின்றன என்பவை தீர்ப்பு காட்டிய காரணங்களில் முக்கியமானவை. வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 21ஏ பிரிவும் வட்டி அதிகம் என்பதற்காக மட்டும் வங்கிக் கடனை நீதிமன்றம் மறுபடி திறந்து பார்ப்பதைத் தடுக்கிறது. ஆக, வட்டிக்கு உச்சவரம்பு எதுவும் இல்லை. அந்த இடத்தை நிரப்ப வந்திருப்பது அறிவுரை: வரவுக்குள் வாழுங்கள், காபியைக் குறையுங்கள், சிக்கனமாக இருந்து கடனை அடையுங்கள்.

சிக்கனம் நல்லதுதான். மிச்சம் பிடித்த பணம் எங்கே போகிறது என்பதை அறிவுரையாளர்கள் கணக்குப் போட்டுக் காட்டுவதில்லை. நிலுவை ஒரு லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்ளலாம். அட்டைதாரர் புதிதாக எதையும் வாங்கவில்லை. குறைந்தபட்சத் தொகையாக வங்கி கேட்கும் 5 சதவீதத்தை ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டுகிறார். பன்னிரண்டு மாதத்தில் அவர் கட்டியிருப்பது ஏறக்குறைய 58,900 ரூபாய். கடன் குறைந்திருப்பது வெறும் 12,200 ரூபாய். மீதி 46,700 ரூபாயை வட்டியும் வரியும் தின்றிருக்கின்றன. இதே வேகத்தில் போனால் கடன் பாதியாவதற்கே ஐந்து ஆண்டுக்கு மேல் பிடிக்கும். குறைந்தபட்சத் தொகையைக் கட்டியும் நிலுவை வளரக் கூடாது என்று ரிசர்வ் வங்கியின் 2022ஆம் ஆண்டு வழிகாட்டுதல் சொல்கிறது. மேற்படி கணக்கில் நிலுவை வளரவில்லை; நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் சொச்சம் தேய்கிறது. விதி காப்பாற்றப்பட்டுவிட்டது.

அந்த 46,700 ரூபாயில் சுமார் 7,100 ரூபாய் ஒன்றிய, மாநில அரசுகளுக்குப் போகும் வரி. வீட்டுக் கடன், நகைக் கடன் வட்டிக்கெல்லாம் ஜிஎஸ்டி விலக்கு உண்டு. கடன் அட்டை வட்டி மட்டும் பெயர் குறிப்பிட்டு அந்த விலக்கிலிருந்து நீக்கப்பட்டிருக்கிறது. தமிழ்நாட்டில் 2003 முதல் கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. தண்டலும் மீட்டர் வட்டியும் அதன்படி சிறைக்குரிய குற்றங்கள். தெருமுனையில் நாலு வட்டி வாங்குபவரைத் தேடிப் போலீஸ் வரலாம். குளிரூட்டிய அறையில் அதையே வாங்குபவரிடம் அரசு பங்கு வாங்கிக்கொள்கிறது.

கடனிலிருந்து வெளியே வரும் வழியில் சிக்கனத்தின் இடம் மூன்றாவது. முதல் வேலை அட்டையை நிறுத்துவது. முந்தைய பில்லில் பாக்கி இருந்தால் வட்டியில்லாத 45, 50 நாள் சலுகை போய்விடும். புதிதாக வாங்கும் பொருளுக்கு வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். ரூபே அட்டையை யுபிஐயில் இணைத்து மளிகைக் கடையில் ஸ்கேன் செய்பவர், பாக்கி உள்ள மாதத்தில் துவரம் பருப்பையும் நாலு வட்டிக்குத்தான் வாங்குகிறார்.

இரண்டாவது, கடனை இடம் மாற்றுவது. மாதம் 10,000 ரூபாய் ஒதுக்க முடிகிற குடும்பம் அந்த ஒரு லட்சத்தை அட்டையிலேயே வைத்து அடைத்தால் 14ஆம் மாதத்தில் முடியும். வட்டியும் வரியும் 31,700 ரூபாய் ஆகும். அதே தொகையை ஒரு ரூபாய் வட்டிக்கு, அதாவது ஆண்டுக்கு 12 சதவீதத்துக்கு, வங்கியில் நகையை வைத்து வாங்கி, அட்டையை ஒரே நாளில் தீர்த்துவிட்டு அடைத்தால் 11 மாதம்; வட்டி 5,900 ரூபாய். வித்தியாசம் 25,800. ஓட்டல், ஆட்டோ, ஓடிடி சந்தா என்று எல்லாவற்றையும் வெட்டி மாதம் 2,000 ரூபாய் மிச்சம் பிடிக்கிற வீடு இதைச் சேர்க்க ஓராண்டுக்கு மேல் வயிற்றைக் கட்ட வேண்டும். நகையை அடகு வைப்பது கௌரவக் குறைவு என்பவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை; பீரோவில் நகையைத் தூங்கவிட்டு நாலு வட்டி கட்டுவதில் என்ன கௌரவம்? நகை இல்லாதவர்களுக்குத் தனிநபர் கடன் உண்டு. வட்டி கூடுதல் என்றாலும் பெரும்பாலும் அட்டைக்குப் பாதிகூட வராது. நிலுவையைத் தவணையாக மாற்றித் தருவதாக வங்கியே அழைக்கும்போது செயல்முறைக் கட்டணத்தையும் தவணை வட்டியின் மேல் வரும் ஜிஎஸ்டியையும் கூட்டிப் பார்த்த பிறகே தலையாட்ட வேண்டும்.

அதன் பிறகுதான் சிக்கனம். மாதத் தொகையை நிலையாக வைத்து, பில் குறையக் குறையத் தவணையையும் குறைத்துக்கொள்ளும் பழக்கத்தை விட்டுவிட்டால், மிச்சம் பிடிக்கும் ஒவ்வொரு ரூபாயும் அசலில் விழும். பல அட்டைகள் இருந்தால் வட்டி அதிகமானதை முதலில் தீர்க்க வேண்டும். சின்னக் கடனை முதலில் அடைத்தால் மனதுக்குத் தெம்பு என்பது வட்டி கட்டாதவர்கள் சொல்லும் யோசனை. ஒரு தொகை பேசி வங்கியோடு 'செட்டில்' செய்வது கடைசி வழி. சிபில் அறிக்கையில் அக்கடன் முழுதாக அடைத்துமுடித்ததாக இல்லாமல் செட்டில் ஆனதாகப் பதிவாகி, அடுத்த கடனுக்குப் பல ஆண்டுகள் குறுக்கே நிற்கும். வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் அழைக்கக் கூடாது என்ற 2022ஆம் ஆண்டு உத்தரவைக் கடனாளி தெரிந்துவைத்திருப்பது நல்லது.

அடமானம் இல்லாத கடன், வாராக்கடன் ஆபத்து அதிகம், அதனால் வட்டியும் அதிகம் என்பது வங்கிகளின் வாதம். ஆபத்தைக் கண்டு அஞ்சுபவர்கள் வணிக வளாக வாசலில் மேசை போட்டு அட்டை விற்க மாட்டார்கள். நாட்டில் புழங்கும் அட்டைகள் 2024 தொடக்கத்தில் 10 கோடியைத் தாண்டின. உச்சவரம்பு வைத்தால் எளியவர்களுக்குக் கடன் கிடைக்காமல் கந்துவட்டிக்காரரிடம் போவார்கள் என்பது இன்னொரு வாதம். நாலு வட்டி கட்டுபவர் அங்கே போய்ச்சேர்ந்த பிறகு சொல்லப்படும் எச்சரிக்கை இது.

மற்ற நாடுகள் இதைக் கடனாளியின் மனவுறுதிக்கு விட்டுவிடவில்லை. ஆஸ்திரேலியாவில் 2019 முதல், மூன்று ஆண்டுக்குள் வாடிக்கையாளரால் அடைக்க முடிகிற அளவுக்கு மேல் அட்டை வரம்பு தரக் கூடாது. பிரிட்டனில் 18 மாதங்களில் அசலைவிட வட்டியும் கட்டணமும் அதிகமாகக் கட்டியவரை நெடுங்கடனில் சிக்கியவராகக் கருதி, நிறுவனமே தலையிட வேண்டும். மேலே சொன்ன அட்டைதாரர் அடைத்த அசலைப் போல் கிட்டத்தட்ட நான்கு மடங்கு வட்டியும் வரியும் கட்டியவர். இதே வேகத்தில் போனால் அங்கே அவருக்கு நிறுவனத்திடமிருந்து கடிதம் வரும். இங்கே பெரும்பாலும் வரம்பை உயர்த்தித் தருவதாகக் குறுஞ்செய்தி வரும். இந்தியாவிலும் மூன்று ஆண்டில் கடன் தீரும்படி குறைந்தபட்சத் தொகையை வைக்கவும், வட்டியை ஆண்டுக்கு 24 சதவீதத்தில், அதாவது இரண்டு வட்டியில், நிறுத்தவும் புதிய சட்டம்கூடத் தேவையில்லை. ரிசர்வ் வங்கியின் ஒரு சுற்றறிக்கை போதும்.

கடன் தீர்ந்ததும் அட்டையை மூட எழுத்துமூலம் கேட்க வேண்டும். பாக்கி இல்லாத கணக்கை வங்கி 7 வேலை நாளுக்குள் மூட வேண்டும். தாமதித்தால் நாளுக்கு 500 ரூபாய் வாடிக்கையாளருக்குத் தர வேண்டும். இதுவும் 2022ஆம் ஆண்டு வழிகாட்டுதலில் இருப்பதே. வங்கி தர வேண்டிய அபராதத்துக்கு ஓர் எண்ணை எழுத முடிந்த ரிசர்வ் வங்கியால், வங்கி வாங்கும் வட்டிக்கு ஓர் எண்ணை எழுத முடியாது என்பது நம்பும்படி இல்லை.