கையெழுத்தில்லாத மாயாவி

இரும்புக்கை மாயாவியின் பரம ரசிகன் என்று சொல்லிக் கொள்கிறவர்களிடம் நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்பது: அந்தக் கையை வரைந்தவர் யார்? பதில் வருவதில்லை. ஒரு முறைப்பு வருகிறது. மாயாவியின் நிஜப் பெயர் லூயிஸ் கிராண்டேல் என்று தெரியும். மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்து எஃகுக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும் என்று தெரியும். 1972-ல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் தன் முதல் இதழாக வெளியிட்டது இவன் கதையைத்தான் என்பதைத் தங்கள் கல்யாண நாளைவிடச் சுத்தமாகச் சொல்வார்கள். எழுதியவர்? வரைந்தவர்? "அது எதற்கு ஸார்?" என்கிறார்கள். இந்த "அது எதற்கு ஸார்" மீதுதான் எனக்குச் சண்டை.

கவிதையும் விமர்சனமும் வருகிற பக்கங்களில் சிறுபிள்ளைகளின் படக்கதைக்கு என்ன வேலை என்று சிலர் நெற்றியைச் சுருக்கலாம். முதலில், சிறுபிள்ளைகள் என்பது பொய். இந்த ரசிகர்களில் பலர் ஐம்பதைத் தாண்டியவர்கள், பேரன் எடுத்தவர்கள். இரண்டாவது, ஒரு தலைமுறை தன் பத்தாவது வயதில் கண் கொட்டாமல் எதைப் பார்த்ததோ அதுதான் அதன் பார்வையைத் தயார் செய்திருக்கிறது. பிற்பாடு அது கவிதை படித்தாலும் சரி, ஓட்டுப் போட்டாலும் சரி, அந்தக் கண்ணோடுதான் போகிறது. குப்பை என்று தாண்டிப் போகிற இலக்கியவாதியும், தெய்வம் என்று கன்னத்தில் போட்டுக் கொள்கிற ரசிகனும் ஒரு விஷயத்தில் ஒன்றுதான். இரண்டு பேருமே பக்கத்தைப் பார்ப்பதில்லை.

பக்கத்தில் இருப்பதைச் சொல்கிறேன். 'ஸ்டீல் கிளா' என்ற இத்தொடர் 1962 அக்டோபரில் லண்டனில் 'வேலியண்ட்' என்ற வாரப் பத்திரிகையின் முதல் இதழிலேயே தொடங்கியது. தொடக்கத்தில் எழுதியவர் கென் பல்மர் என்ற விஞ்ஞானக் கதைக்காரர். பிறகு டாம் டுல்லி. வரைந்தவர் ஹெசூஸ் பிளாஸ்கோ. 1919-ல் பார்சிலோனாவில் பிறந்து 1995-ல் இறந்தவர். பிராங்கோவின் சர்வாதிகாரத்தில் கிடந்த ஸ்பெயினிலிருந்து எத்தனையோ ஓவியர்கள் முகவர்கள் மூலமாக பிரிட்டிஷ் பத்திரிகைகளுக்கு வரைந்து பிழைத்தார்கள். பிளாஸ்கோ அவர்களில் ஒருவர். இவர்கள் பெயர் எதுவும் பத்திரிகையில் அச்சாகவில்லை. அந்தக் காலத்து பிரிட்டிஷ் சிறுவர் பத்திரிகைகளில் அதுதான் எழுதாத சட்டம். ஓவியன் ஓரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டால் வெள்ளை மை பூசி அழிப்பது வழக்கம். '2000 ஏ.டி.' என்ற வார இதழ் 1977-ல் எழுதியவர், வரைந்தவர் பெயர்களைக் கட்டம் கட்டிப் போட ஆரம்பித்த பிறகே இந்த வழக்கம் உடையத் தொடங்கியது.

நான் வங்கியில் குமாஸ்தா. கையெழுத்தில்லாத காசோலை என் மேஜைக்கு வந்தால் திருப்பி அனுப்ப வேண்டியதுதான். தொகை எத்தனை பெரியதாக இருந்தாலும் அது வெறும் காகிதம். இந்தப் படக்கதைகளோ கையெழுத்து இருந்து அழிக்கப்பட்ட காசோலைகள். அவற்றைத்தான் தேசம் தேசமாக மாற்றிப் பணம் எடுத்துக் கொண்டார்கள். லண்டனில் அழித்தது சிவகாசிக்கு வந்ததும் தானாக முளைத்துவிடாது. ஆகவே இங்கே அச்சிட்டவர்களைக் குற்றம் சொல்வது என் நோக்கமல்ல. ஆனால் ஐம்பது வருஷமாகப் படித்துவிட்டு, இது யார் கை என்று ஒரு தடவைகூடக் கேட்கத் தோன்றாத வாசகனை என்ன செய்வது?

கேட்டிருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்பதற்கு ஸ்பைடர் ஒரு உதாரணம். 1984-ல் தொடங்கிய லயன் காமிக்ஸ் மூலம் நம் பையன்களைப் பைத்தியமாக அடித்த அந்தக் கூர்க்காதுக் கொள்ளைக்காரன், 1965-ல் பிரிட்டனில் 'லயன்' என்ற வார இதழில் பிறந்தவன். டெட் கோவன் எழுதினார், ரெஜ் பன் வரைந்தார். சீக்கிரமே எழுதும் வேலை அமெரிக்காவிலிருந்த ஒருவர் கைக்குப் போயிற்று. அவர் ஜெர்ரி சீகல். ஜோ ஷஸ்டரோடு சேர்ந்து சூப்பர்மேனைச் சிருஷ்டித்தவர். 1938-ல் சூப்பர்மேனின் உரிமையை இருவரும் 130 டாலருக்கு எழுதிக் கொடுத்தார்கள். அப்புறம் கோர்ட்டு, தோல்வி, வறுமை. கோடிகள் செலவில் சூப்பர்மேன் சினிமா தயாராகப் போகிறது என்ற செய்தி வந்தபின் சீகல் பத்திரிகைகளிடம் பகிரங்கமாக முறையிட்டார். 1975 டிசம்பரில்தான் வருஷத்துக்கு ஆளுக்கு 20,000 டாலரும், படைத்தவர்கள் என்று பெயர் போடும் உரிமையும் கிடைத்தன. உலகத்தின் முதல் பெரிய சூப்பர் ஹீரோவை உண்டாக்கிய மனிதர், பெயர் பறிபோன காலத்தில், இன்னொரு பெயரில்லாத பக்கத்தில் ஸ்பைடரை எழுதிக் கொண்டிருந்தார். நம் ஊர் வாடகை நூல் நிலையங்களில் அது கைமாறிக் கொண்டிருந்தது. ஸ்பைடரின் வலைத் துப்பாக்கி எப்படி வேலை செய்யும் என்று அரைமணி நேரம் பேசுகிற ரசிகனுக்கு இது தெரியாது. சொன்னாலும் சுவாரஸ்யப்படுவதில்லை.

வெறும் பெயர்ப் பட்டியலுக்காக வாதாடுகிறேன் என்று எடுத்துக் கொள்ள வேண்டாம். பெயர் தெரியாதவனுக்குக் கண்ணும் தெரியாது என்பதே நான் சொல்வது. ஒருவன் மறைந்து போனான் என்று எழுத்தில் சொல்வது சுலபம், எச்.ஜி. வெல்ஸ் 1897-லேயே சொல்லிவிட்டார். ஆனால் இல்லாத ஒருவனை மையால் வரைவது எப்படி? பிளாஸ்கோ தீர்க்க வேண்டியிருந்த பிரச்னை இது. அவர் ஆளை வரையவில்லை, ஆள் நிற்க வேண்டிய இடத்தை வரைந்தார். கதவின் கைப்பிடி மீது ஒரு எஃகுக் கை; மணிக்கட்டு சாய்ந்திருக்கிற விதத்தில் தெரியாத தோளின் சாய்வு நமக்குத் தெரிகிறது. எதிரில் நிற்பவனின் பார்வை போகிற உயரத்தில் தெரியாத முகம் இருக்கிறது. சுற்றிலும் தூரிகையால் அப்பிய கறுப்பு. இவ்வளவு கறுப்பு இல்லாவிட்டால் அந்த வெறுமைக்குக் கனம் வந்திருக்காது. வெற்றிடத்தைப் பேச வைப்பது எப்படி என்று நம் கவிஞர்கள் பக்கம் பக்கமாகத் தத்துவம் பேசுகிறார்கள். ஒரு ஸ்பானிய ஓவியர் வாராவாரம் அதைச் செய்து காட்டியிருக்கிறார்.

எல்லா மாயாவிக் கதைகளும் பிளாஸ்கோ வரைந்தவையும் அல்ல. 1967, 68-ல் 'ஃப்ளீட்வே சூப்பர் லைப்ரரி' என்ற சிறு வடிவப் புத்தக வரிசைக்காக வேறு கைகள் வரைந்தன. வித்தியாசம் பளிச்சென்று தெரியும். வீணை கேட்கிறவன் இரண்டு மீட்டில் இது யார் வாசிப்பு என்கிறான். அதற்குப் பெயர் ரசனை. மாயாவி ரசிகனுக்கு எல்லாக் கையும் ஒரே கை. இதற்குப் பெயர் ரசனை இல்லை, தரிசனம். கர்ப்பக்கிருகத்தில் இருட்டு எவ்வளவு இருந்தாலும் மூர்த்தி இருந்தால் போதும்.

தமிழில் வேலை செய்த கைகளுக்கும் இதே கதிதான். மூலத்தின் தலைப்பு ஒரு பொருளின் பெயர்: எஃகு நகம், எஃகுப் பிடி. அதை யாரோ 'இரும்புக்கை' ஆக்கி, பக்கத்தில் 'மாயாவி' என்று நம் புராணக் கதைகளிலிருந்து ஒரு சொல்லை எடுத்து வைத்தார்கள். ஆய்வுக்கூடத்தில் பிறந்தவன் அந்த ஒரு சொல்லால் இந்திரஜித்தின் வம்சத்தில் சேர்ந்துவிட்டான். பிற்பாடு ராணி காமிக்ஸ் ஃபேன்டமுக்கும் மாயாவி என்றே பெயர் வைக்கும் அளவுக்கு அந்தச் சொல் ஊறிப் போயிற்று. மொழிபெயர்ப்பில் இது சாதாரணக் காரியமல்ல. ஆங்கிலத்தில் 'ஹெல்ப்' என்று கத்தினால் முடிந்த பலூனுக்குள் 'காப்பாற்றுங்கள்' என்பதை அடைக்க வேண்டியிருந்த மனிதர்கள் யார் யார்? முத்து காமிக்ஸின் ஆரம்ப காலத்தோடு முல்லை தங்கராசன் என்ற பெயர் பேசப்படுகிறது. மற்றவர்கள் மாயாவியைப் போலவே மறைந்தார்கள், கைகூட மிஞ்சவில்லை.

இந்த இடத்தில் ஒரு பதில் தயாராக வரும். நம் கோயில் சிற்பிகள் பெயர் போட்டுக் கொண்டார்களா, பெயரில்லாமல் படைப்பதுதானே நம் மரபு என்பார்கள். மரபைக் கல்லில் போய்ப் படிக்காதவர்கள் சொல்கிற பதில் இது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் குஞ்சரமல்லனான இராஜராஜப் பெருந்தச்சன் என்று தச்சன் பெயர் இருக்கிறது. தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரையும் பெயர் பெயராக வெட்டி வைத்திருக்கிறார்கள். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ராஜாவுக்கு இருந்த கணக்குப் புத்தி நமக்கு இல்லை என்பதை மரபு என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

இன்னொரு பதில் உருக்கமானது. பால்ய சந்தோஷத்தை ஏன் விமர்சனக் கத்தியால் அறுக்கிறாய் என்பது. அந்தச் சந்தோஷம் என்ன செய்து கொண்டிருக்கிறது என்று பாருங்கள். ஒரு காலத்தில் சில்லறைக் காசுக்கு விற்ற இதழ்கள் இன்று ஆயிரக் கணக்கில் விலை போகின்றன. வாங்கியவன் பிளாஸ்டிக் உறையில் போட்டு பீரோவில் பூட்டுகிறான். குழந்தை தொட்டால் அடி விழும். கேட்பதெல்லாம் மறுபதிப்பு. அதே கதை, அதே அட்டை, முடிந்தால் அதே வாசனை. தமிழில் வரைகிறவனுக்கு இந்தப் பக்தியிலிருந்து ஒரு பைசா நகர்வதில்லை. 1960-லிருந்து தினத்தந்தியில் ஓடிய கன்னித்தீவு இவர்களுக்கு முடிவில்லாத கதை என்று கிண்டல் செய்ய உதவுகிறது. வாண்டுமாமாவும் ஓவியர் செல்லமும் சேர்ந்து செய்த 'பலே பாலு' போன்றவற்றை எடுத்து வைத்து இது எப்படி ஆகியிருக்கிறது என்று பேசியவர்கள் சொற்பம். தமிழ்ப் படக்கதை ஏன் வளரவில்லை என்று கூட்டம் போட்டுப் புலம்புவதும் இவர்கள்தான். கையைப் பார்க்கத் தெரியாத ஊரில் கை எப்படி வளரும்?

கதையைக்கூட இவர்கள் பார்க்கவில்லை. லூயிஸ் கிராண்டேல் யார்? ஆய்வுக்கூட உதவியாளன். சம்பளத்துக்கு வேலை பார்க்குமிடத்தில் விபத்தில் வலது கை போனவன். முதல் கதையில் அவன் நாயகனே அல்ல, குற்றவாளி. மறையும் சக்தி வந்ததும் தப்பான வழியில் இறங்குகிறான்; பிறகுதான் திருந்தி உளவுப் படையில் சேருகிறான். இந்தக் கதை தமிழில் முதலில் அச்சானது சிவகாசியில், பட்டாசு விபத்துகளில் கையையும் உயிரையும் தொழிலாளிகள் பறிகொடுத்த ஊரில். வேலையில் கை போன ஒருவனின் கதையை அப்படிப்பட்ட ஊரிலிருந்து வாங்கிப் படித்துவிட்டு, ஐம்பது வருஷம் அவன் சக்தியை மட்டும் பேசியிருக்கிறோம்.

நான் குடியிருக்கும் வட்டக்கானலுக்கு வருகிறவர்களும் இப்படித்தான். பனிமூட்டத்தைப் படம் எடுக்கிறார்கள். படிப்படியாக வெட்டிய சரிவில் கேரட் பிடுங்கும் கை படத்தில் விழுந்தால் நகரச் சொல்கிறார்கள். மேலே கொடைக்கானலில் ஒரு தெர்மாமீட்டர் ஆலை இருந்தது, 2001-ல் மூடப்பட்டது. உள்ளே கண்ணுக்குத் தெரியாத பாதரச ஆவி. நிஜமான மாயாவி அதுதான். வேலை பார்த்தவர்கள் வருஷக் கணக்காக நியாயம் கேட்டார்கள். 2015-ல் சோஃபியா அஷ்ரஃபின் ராப் பாட்டு உலகமெல்லாம் சுற்றியது. 2016 மார்ச்சில் முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருக்கான ஒப்பந்தம் ஏற்பட்டது. பாட்டின் மீது எனக்குக் குறை இல்லை. அது செய்ய வேண்டியதைச் செய்தது. ஆனால் மலைக்கு வருகிற இளைஞர்களைக் கேட்டால் பாட்டு ஞாபகம் இருக்கிறது. 591 பேரில் ஒருவர் பெயர்? "அது எதற்கு ஸார்?"

மாயாவியின் ரசிகனாக இருப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நானும் ரசிகன்தான், யாருக்கும் விட்டுக் கொடுக்க மாட்டேன். நான் கேட்பது கொஞ்சம்தான். உறையைப் பிரியுங்கள். இந்தப் பக்கம் பிளாஸ்கோவா, வேறு ஆளா என்று பார்த்துச் சொல்லுங்கள். தப்பாகச் சொன்னாலும் பரவாயில்லை, சண்டை போடலாம். சிவகாசியில் அந்த நாளில் வேலை பார்த்து இன்னும் உயிரோடு இருக்கிறவர்களைத் தேடிப் பிடித்து, பலூனுக்குள் தமிழை அடைத்தவர்களின் பெயர்களை எழுதி வாங்குங்கள். ஐம்பது வருஷம் ஆகிவிட்டது. இன்னும் பத்து வருஷம் போனால் சொல்ல ஆள் இருக்காது.