‘டெம்பர்’ என்றால் கோபமா?

“அவருக்கு டெம்பர் அதிகம்” என்று யாராவது சொன்னால், அவர் கோபக்காரர் என்று புரிந்துகொள்கிறோம். ஆங்கில அகராதியிலும் அப்பொருள் உண்டு. ஆனால், கோபம் வந்தவனை ஆங்கிலத்தில் ‘டெம்பரை இழந்துவிட்டான்’ என்றும் சொல்கிறார்கள். டெம்பர் என்பதே கோபமானால், கோபப்பட்டவன் இழந்தது எதை?

விடை லத்தீன் மொழியில் இருக்கிறது. ‘டெம்பராரே’ என்ற லத்தீன் சொல்லுக்கு, உரிய அளவில் கலத்தல், மட்டுப்படுத்துதல் என்று பொருள். இரத்தம், கோழை, மஞ்சள் பித்தம், கரும்பித்தம் ஆகிய நான்கு நீர்மங்கள் உடலில் அளவோடு கலந்திருந்தால் மனிதன் நிதானமாக இருப்பான், மஞ்சள் பித்தம் மிகுந்தால் சினம் கொள்வான் என்று பண்டைய கிரேக்க மருத்துவர்கள் கருதினர். அந்தச் சமநிலைக்கே ஆங்கிலத்தில் டெம்பர் என்று பெயர். அதை இழந்தால் கோபம். நாளடைவில், இழந்த பொருளின் பெயரே கோபத்துக்கும் பெயராகிவிட்டது!

வெப்பநிலையைக் குறிக்கும் ‘டெம்பரேச்சர்’ என்ற சொல்லும் இதே வேரிலிருந்து பிறந்ததுதான். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மருத்துவர் கேலன், பனிக்கட்டியையும் கொதிநீரையும் சம அளவில் கலந்தால் கிடைப்பதே நடுநிலை என்றார். இரண்டையும் சம நிறையில் எடுத்துக் கணக்கிட்டுப் பாருங்கள். பனிக்கட்டியின் உள்ளுறை வெப்பம் கிராமுக்கு 80 கலோரி. எனவே, கலவையின் வெப்பநிலை 50 அன்று, 10 டிகிரி செல்சியஸ்தான்!

எஃகைச் செந்நிறமாகக் காய்ச்சி நீரில் அமிழ்த்தினால் அது கடினமாகும். ஆனால் அடித்தால் உடைந்துவிடும். அதையே மீண்டும் 200 முதல் 300 டிகிரி வரை சூடாக்கி ஆறவிட்டால், கடினம் சற்றே குறைந்து உறுதி கூடும். இதற்கு ‘டெம்பரிங்’ என்று பெயர். தமிழில் பதப்படுத்துதல் என்கிறோம். டெம்பர் என்பதன் பழைய பொருளுக்கு நம் ‘பதம்’ என்ற சொல்லே மிகவும் நெருங்கியது என்பது என் கருத்து. பாகு பதம் தவறுவது போல, மனம் பதம் தவறுவதே கோபம்.

மதிப்பெண்ணுக்காக வரையறைகளை மனப்பாடம் செய்கிறோம். அச்சொல் எங்கிருந்து வந்தது என்று மட்டும் கேட்பதில்லை. கேட்டிருந்தால், வெப்பநிலை, எஃகு, கோபம் ஆகிய மூன்றும் ஒரே குடும்பம் என்பது தெரிந்திருக்கும், மறக்கவும் மறக்காது.

ஆனால் ஓர் எச்சரிக்கை. சொல்லின் பிறப்பு வேறு, அறிவியல் உண்மை வேறு. நான்கு நீர்மக் கொள்கையை அறிவியல் எப்போதோ கைவிட்டுவிட்டது. வெப்பநிலையும் இன்று ‘கலவை’ அன்று. வாயுவில் அது மூலக்கூறுகளின் சராசரி இயக்க ஆற்றலைக் காட்டும் அளவு. ஓர் எண்ணம் எங்கே தொடங்கியது என்பதைச் சொல் காட்டும். அது சரியா, தவறா என்பதைச் சோதனைதான் காட்டும். நல்ல மாணவனுக்கு இரண்டும் வேண்டும்.

இனி யாராவது “எனக்கு டெம்பர் அதிகம்” என்று பெருமை பேசினால், “அப்படியானால் நீங்கள் மிகவும் நிதானமானவர்!” என்று சொல்லிப் பாருங்களேன்.